பர்னருக்கு ஓகே, ஜெனரேட்டருக்கு நாட் ஓகே

நைட் ஷிஃப்ட்ல மணி ரெண்டே கால் இருக்கும். குவென்ச் டேங்க்ல இருந்து பேஸ்கெட் மேல ஏறி வருது. வழக்கமா எண்ணெய் வடிஞ்சதும் கியரெல்லாம் ஒரு மாதிரி வெளிர் சாம்பல் கலர்ல இருக்கும், அன்னைக்கு விறகடுப்புல வச்ச பானை அடி மாதிரி கன்னங்கரேல்னு வந்து நிக்குது. ஃபோர்மேன் அண்ணன் கையுறையைக் கழட்டிட்டு ஒரு கியர் பல்லை விரலால தேய்ச்சுப் பார்த்தாரு. விரல்ல மை. "தம்பி, ஜெனரேட்டரைப் போய்ப் பாரு"ன்னாரு. அவ்வளவுதான், வேற ஒண்ணும் சொல்லலை. அவர் கம்மியா பேசினா பெரிய விஷயம்னு அர்த்தம்.

நான் வேலை செய்யறது ஒரு ஹீட் ட்ரீட்மென்ட் ஷாப்ல. ஸ்ரீபெரும்புதூர் பக்கம், வண்டிக் கம்பெனிகளுக்கு கியரும் ஷாஃப்ட்டும் செய்யற பார்ட்டிங்க எங்ககிட்ட அனுப்புவாங்க, நாங்க 920 டிகிரில வச்சு மேல்தோல்ல மட்டும் கார்பனை ஏத்தி, எண்ணெய்ல முக்கி, கெட்டியாக்கி அனுப்புவோம். அந்த கெட்டியான தோலோட ஆழத்துக்கு கேஸ் டெப்த்னு பேரு. (இந்தக் கேஸ் வேற, நான் இன்னைக்கு எழுத வந்த கேஸ் வேற. தமிழ்ல ரெண்டையும் ஒரே மாதிரி எழுதறதால எங்க ஷிஃப்ட் புக்கைப் படிக்கிற புதுப் பசங்க முழிப்பாங்க.)

எங்க ஷாப்ல கேஸுக்கு ரெண்டு வேலை. ஒண்ணு எல்லாருக்கும் தெரிஞ்சது, பர்னர்ல எரிஞ்சு ஃபர்னஸை சூடாக்கறது. ரெண்டாவது வேலைதான் வெளிய யாருக்கும் தெரியாது. எண்டோ ஜெனரேட்டர்னு ஒரு சாதனம் இருக்கு, அதுக்குள்ள நிக்கல் தடவின செராமிக் கட்டிங்க நிரம்பின ஒரு ரிட்டார்ட், சுமார் 1040 டிகிரில செவசெவன்னு இருக்கும். அதுக்குள்ள கேஸையும் கொஞ்சூண்டு காத்தையும் அனுப்புவோம். கொஞ்சூண்டுன்னா எரியறதுக்குத் தேவையானதுல கால் பங்குதான். அதனால அது முழுசா எரியாது, பாதியில நிக்கும், கார்பன் மோனாக்சைடு 20 சதவீதம், ஹைட்ரஜன் 40, மிச்சம் 40 நைட்ரஜன்னு ஒரு கலவையா வெளிய வரும். அந்தக் கலவைதான் ஃபர்னஸுக்குள்ள போய் கியரைச் சுத்தி நின்னு கார்பனை ஊட்டி விடுது. அதாவது கேஸ் எங்களுக்கு எரிபொருள் மட்டும் இல்ல, கச்சாப்பொருளும் அதுதான். சமைக்கிற அடுப்பும் கேஸ், சட்டியில கொதிக்கிற குழம்பும் கேஸ்னு வச்சுக்கங்க.

அன்னைக்கு ராத்திரி நடந்தது இதுதான். பைப்லைன் கேஸுக்கு மாறி ஏழெட்டு மாசம் ஆகியிருந்துச்சு. அதுக்கு முன்னாடி எல்பிஜி புல்லட்தான். பைப்லைன் என்னைக்காவது நின்னா என்ன பண்றதுன்னு பழைய எல்பிஜி டேங்கை அப்படியே வச்சு, அதுல காத்தைக் கலந்து பைப்லைன் கேஸ் மாதிரியே ஆக்கித் தர்ற மிக்சர் ஒண்ணை ஸ்டாண்ட்பையா போட்டிருந்தாங்க. எஸ்என்ஜி (செயற்கை இயற்கை எரிவாயு) சிஸ்டம்னு சொல்லுவாங்க. லைன்ல பிரஷர் விழுந்தா அதுவே தானா மாறிக்கும். அன்னைக்கு எங்கயோ ரோட்டோரம் பொக்லைன் தோண்டினதுல லைனை மூட வேண்டியதாகி, 1:20 மணிக்கு மிக்சர் தானா ஆன் ஆயிடுச்சு. ஒரு அலாரம் இல்ல. பர்னர் எல்லாம் அழகா எரியுது, ஃபர்னஸ் டெம்பரேச்சர் ஒரு டிகிரி கூட ஆடலை. மாறினதே எங்களுக்குத் தெரியாது, கியர் வந்து சொல்ற வரைக்கும்.

மறுநாள் மிக்சர் போட்டுக் கொடுத்த பார்ட்டிக்கு போன் அடிச்சா, "சார் வொப்பே மேட்ச் ஆகுது சார், டிசைன் பக்கா, பர்னர்ல ஏதாச்சும் ப்ராப்ளமா?"ன்னு கேக்கறாரு. பர்னர்ல ஒண்ணும் இல்லதான். அவர் சொன்னது நூத்துக்கு நூறு சரி. அதுதான் பிரச்னையே.

இந்த வொப்பே என்னன்னு சொல்லிட்டு மேல போறேன், ஏன்னா இது தெரியாம கேஸ் பத்தி எங்க போய் யார் பேசினாலும் சண்டையாத்தான் முடியுது.

எங்க அப்பார்ட்மென்ட்ல சிலிண்டர் போய் பிஎன்ஜி வந்தப்போ ஒரு பையன் வந்து அடுப்பைத் திறந்து குட்டியா ஒரு பித்தளை ஜெட்டைக் கழட்டிட்டு வேற ஒண்ணு போட்டுட்டுப் போனான். அம்மா அந்தப் பழைய ஜெட்டை ஒரு டப்பால போட்டு வச்சிருக்காங்க, எதுக்குன்னு கேட்டா "இருக்கட்டும்"ங்கறாங்க. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு வெளிச்சத்துல பார்த்தா புதுசுல ஓட்டை பெருசு, சுமாரா 1.4 மடங்கு விட்டம். ஏன்னா எல்பிஜி ஒரு கன மீட்டர்ல இருக்கற சூடு பிஎன்ஜியை விட ரெண்டரை மடங்குக்கு மேல. அப்ப ஓட்டையும் அந்த அளவுக்குப் பெருசாகணுமேன்னு தோணும், ஆனா அப்படி இல்ல. எல்பிஜி கனம், காத்தை விட கனம், ஓட்டை வழியா மெதுவா போகும். பிஎன்ஜில பெரும்பங்கு மீத்தேன், அது லேசு, காத்துல பாதிக்குக் கொஞ்சம் மேலதான் எடை, சர்ருனு போகும். அதனால ஒரே ஓட்டை, ஒரே பிரஷர்ல எவ்வளவு சூடு வெளிய வரும்னு பாக்கணும்னா சூட்டு அளவை ஒப்படர்த்தியோட (காத்தை 1னு வச்சா அந்த கேஸ் எவ்வளவு கனம்ங்கறது) வர்க்கமூலத்தால வகுக்கணும். இதுதான் வொப்பே இண்டெக்ஸ், 1920கள்ல ஒரு இத்தாலிக்காரர் போட்ட கணக்கு, அவர் பேருதான் அது. மீத்தேனுக்கு சுமார் 51 மெகாஜூல், எல்பிஜில இருக்கற புரோப்பேனுக்கு 76 கிட்ட, பியூட்டேனுக்கு 85 வரும். இதோட சிலிண்டர் ரெகுலேட்டர் தர்ற பிரஷர் 30 மில்லிபார் கிட்ட, பிஎன்ஜி 21 மில்லிபார், அதையும் சேர்த்துப் போட்டா அந்த 1.4 சரியா வந்து உக்காரும். நான் ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்து போட்டுப் பார்த்தேன், அம்மா "தோசை ஆறுது"ன்னு கத்திட்டு இருந்தாங்க.

ஆக ரெண்டு கேஸோட வொப்பே ஒண்ணா இருந்தா ஜெட்டை மாத்தாமயே ஒண்ணுக்குப் பதில் இன்னொண்ணை விடலாம். எஸ்என்ஜி மிக்சர் பண்றது அதைத்தான். கணக்கு சுலபமா இருக்க எல்பிஜியை சுத்த புரோப்பேன்னே வச்சுக்குவோம். 62, 63 பங்கு புரோப்பேனோட 37, 38 பங்கு காத்தைக் கலந்தா வொப்பே அப்படியே மீத்தேன் அளவுக்கு இறங்கிடும். கன மீட்டருக்கு சூடு பார்த்தா 59 மெகாஜூல் கிட்ட இருக்கும், மீத்தேன் 38 தான், ஆனா கனமா இருக்கறதால மெதுவா போய் கணக்கு சரியாயிடும். பர்னருக்கு வேணுங்கிற காத்தும் ஏறக்குறைய அதே அளவு: மீத்தேனுக்கு 9.5 பங்கு காத்துன்னா, அதே ஓட்டை வழியா போற எஸ்என்ஜிக்கு 9.3 பங்கு. ரெண்டு சதவீத வித்தியாசம். எந்த பர்னரும் இதைக் கண்டுக்காது. நிஜமாவே நல்ல இன்ஜினியரிங்.

இப்ப அதே கேஸை எண்டோ ஜெனரேட்டருக்குள்ள அனுப்புங்க. அங்க முழுசா எரிக்கிற கணக்கு கிடையாது. ஒரு கார்பன் அணுவுக்கு ஒரு ஆக்சிஜன் அணு, அவ்வளவுதான், ஹைட்ரஜன் எரியாம அப்படியே விட்டுடணும். மீத்தேனுக்கு இந்தக் கணக்குல 2.38 பங்கு காத்து. நாங்க கேஸையும் காத்தையும் கலக்கற கார்புரேட்டரை 2.5ல வச்சிருந்தோம், 5 சதவீதம் கூடுதல், பாதுகாப்பான பக்கம். மீத்தேனை விட புரோப்பேன்ல ஹைட்ரஜனுக்குக் கார்பன் விகிதம் அதிகம். அதனால அதே ஓட்டை வழியா போற எஸ்என்ஜிக்கு, அதுலயே கலந்திருக்கற காத்தையும் கழிச்சுட்டுப் பார்த்தாக்கூட, 2.6க்கு மேல காத்து வேணும். நாங்க கொடுத்துட்டு இருந்தது அதே 2.5. 5 சதவீதம் கூடுதலா இருந்தது ஒரே நிமிஷத்துல 5 சதவீதம் கம்மியாயிடுச்சு. மிச்சம் விழற கார்பன் எங்க போகும்? நிக்கல் கட்டி மேல கரியா படியும், கட்டி அடைக்க அடைக்க கேஸ் இன்னும் உடையாம போகும், ஃபர்னஸுக்குள்ள போய் கியர் மேல படியும்.

இதுல எனக்கு இன்னும் ஆத்தாமையா இருக்கறது ஆக்சிஜன் புரோப். ஃபர்னஸுக்குள்ள எவ்வளவு கார்பன் ஏறும்னு அளந்து சொல்றது அதுதான், கார்பன் பொட்டென்ஷியல் 0.85னு செட் பண்ணியிருந்தோம், ராத்திரி பூரா சார்ட்ல நேர் கோடு, 0.85, 0.85, 0.85. சார்ட்டைக் கையில வச்சுக்கிட்டு கியரையும் சார்ட்டையும் மாத்தி மாத்திப் பார்த்துட்டு நின்னேன். விஷயம் என்னன்னா அந்தப் புரோப் நேரா கார்பனை அளக்கறதில்ல. ஆக்சிஜனை அளந்துட்டு, கார்பன் மோனாக்சைடு 20 சதவீதம் இருக்குன்னு நம்பி மிச்சத்தைக் கணக்குப் போட்டுச் சொல்லுது. புரோப்பேன்ல இருந்து வர்ற எண்டோ கேஸ்ல அது 23, 24 சதவீதம். அப்ப உள்ள நிஜமா இருந்த கார்பன் ஏத்தற வீரியம் அது காட்டினதை விட கிட்டத்தட்ட ஆறுல ஒரு பங்கு அதிகம். மெஷின் பொய் சொல்லலை, நம்ம கொடுத்த தப்பான தகவலை வச்சு உண்மையா கணக்குப் போட்டுச்சு. மறுநாள் ஷிம் போட்டு, அதாவது தாள் மாதிரி மெல்லிசான இரும்புத் தகட்டை உள்ள வச்சு எடுத்து, முன்ன பின்ன எடை போட்டுப் பார்த்தப்போதான் தெளிவா தெரிஞ்சுச்சு.

ரெண்டு பேட்ச் போச்சு. ஒண்ணை கழுவி ஷாட் பிளாஸ்ட் பண்ணிக் காட்டினோம், பார்ட்டி ஒத்துக்கலை, சரியாத்தான் ஒத்துக்கலை, தோல்ல தங்கின ஆஸ்டனைட் (எண்ணெய்ல முக்கினதுக்கப்புறமும் கெட்டியாகாம தங்கிப்போற பகுதி) அளவுக்கு மேல. ரிட்டார்ட்டை இறக்கி, காத்து விட்டு கரியை எரிச்சு சுத்தம் பண்ண ஒன்றரை நாள்.

பழி யார் மேலன்னு கேட்டா எங்க மேலதான். பர்னர் லைனும் ஜெனரேட்டர் லைனும் ஒரே ஹெட்டர்ல, அதாவது ஒரே பெரிய குழாய்ல இருந்து எடுத்திருக்கோம், ஸ்டாண்ட்பை போடறப்போ "இது எதுக்கெல்லாம் போகுது"ன்னு ஒருத்தரும் கேக்கலை. ரெண்டும் கேஸ்தானேன்னு இருந்துட்டோம்.

இதுக்கப்புறம் எனக்கு ஒரு நோய் வந்துச்சு. எஸ்என்ஜி இல்லாம சாதாரண நாள்லயே பைப்ல என்ன வருதுன்னு பார்க்கற நோய். எங்க ஜெனரேட்டர்ல டியூ பாயின்ட் (வெளிய வர்ற கேஸ்ல இருக்கற ஈரம் பனியா மாறற வெப்பநிலை) வழக்கமா 4 டிகிரி கிட்ட நிக்கும், காத்தைக் கூட்டிக் குறைக்கற ட்ரிம் வால்வு கொஞ்சம் திறந்து மூடி அதைப் பிடிச்சு வச்சிருக்கும். அந்த ட்ரிம் வால்வு எத்தனை சதவீதம் திறந்திருக்குன்னு நாலு மாச டேட்டாவை எடுத்து வரைஞ்சு பார்த்தா, அலை அலையா ஏறி இறங்குது. எங்க மெஷின்ல எதுவும் மாறலை. கேஸ்தான் மாறிட்டு இருக்கு.

எப்படின்னா, முன்ன எல்லாம் நம்ம பக்கம் இந்தப் பேச்சே தேவைப்படலை. காவிரிப் படுகையில கிணறு, பக்கத்துலயே குத்தாலம், கோவில்களப்பால், இந்தப் பக்கம் ராமநாதபுரத்துல வழுதூர்னு டர்பைன், ஒரே ஊர் கேஸ், அதுக்கேத்த மாதிரி செட் பண்ணியாச்சு, முடிஞ்சது. 2019ல எண்ணூர்ல காமராஜர் துறைமுகத்துல எல்என்ஜி (குளிர வச்சு திரவமாக்கின இயற்கை எரிவாயு) டெர்மினல் வந்ததுக்கப்புறம் கதை வேற. கப்பல்ல வர்ற கேஸ், எந்த நாட்டுல ஏத்தினாங்களோ அந்த ஊர் குணம். அமெரிக்காவுல ஷேல்ல இருந்து வர்றது 95 சதவீதத்துக்கு மேல மீத்தேன், ரொம்ப ஒல்லி. ஆஸ்திரேலியாவோட வடமேற்குக் கடல்ல இருந்து வர்றது மீத்தேன் 87 கிட்ட, ஈத்தேன் 8, மிச்சம் புரோப்பேன், பியூட்டேன், நல்ல கொழுப்பு. டேங்க்ல கிடக்கிற எல்என்ஜி கூட அப்படியே இருக்காது, கொதிச்சு ஆவியாகறப்போ நைட்ரஜனும் மீத்தேனும்தான் முதல்ல ஓடும், ஈத்தேனும் புரோப்பேனும் தங்கிடும், அதனால நாள் ஆக ஆக கொஞ்சம் கொஞ்சமா கனத்துக்கிட்டே போகும். சுண்டக் காய்ச்சின பால் மாதிரி.

இந்த ஒல்லிக்கும் கொழுப்புக்கும் வொப்பேல வித்தியாசம் பார்த்தா 4 சதவீதம் சொச்சம்தான். 2005ல அமெரிக்காவுல கேஸ் கம்பெனிங்களும் அடுப்பு, டர்பைன் செய்யறவங்களும் சேர்ந்து உக்காந்து பேசி ஒரு இடைக்கால வரம்பு போட்டாங்க, அந்த ஏரியாவோட பழைய சராசரியில இருந்து வொப்பே கூடக்குறைய 4 சதவீதம் போகலாம்னு. அடுப்புக்கும் பாய்லருக்கும் அது நியாயமான வரம்புதான். ஆனா எங்க ஜெனரேட்டருக்கு கணக்குப் போட்டா, பர்னருக்கு 4னு தெரியற அதே மாற்றம் இங்க கிட்டத்தட்ட 9 சதவீதமா வந்து விழுது. மெதுவா வந்தா ட்ரிம் வால்வு சமாளிச்சுடும், டக்குன்னு வந்தா அந்த ராத்திரி கதைதான்.

எங்களை மாதிரி இன்னும் பல பேர் இருக்காங்க. கேஸ் எஞ்சின் சர்வீஸ் பண்ற நண்பர் ஒருத்தர்கிட்ட வொப்பேன்னு ஆரம்பிச்சா சிரிக்கிறாரு, அவங்களுக்கு வேணுங்கிறது மீத்தேன் நம்பராம். பெட்ரோலுக்கு ஆக்டேன் மாதிரி. மீத்தேன் 100, புரோப்பேன் 34 கிட்ட, பியூட்டேன் 10. வொப்பே கச்சிதமா இருக்கற அந்த எஸ்என்ஜியை ஒரு லீன் பர்ன் (கூடுதல் காத்து கலந்து எரிக்கற) எஞ்சின்ல விட்டா டொக்கு டொக்குன்னு நாக் அடிக்கும், கன்ட்ரோலர் டைமிங்கைப் பின்னால இழுத்து லோடைக் குறைச்சுடும், இல்லன்னா ட்ரிப். டர்பைன்ல நாக்ஸை (புகையில வர்ற நைட்ரஜன் ஆக்சைடுகளை) குறைக்கறதுக்காக கேஸையும் காத்தையும் முன்னாடியே கலந்து, அணையுமா அணையாதாங்கற எல்லையில எரிக்கற வகை இருக்கு. அவங்க கேஸ் வெப்பநிலையையும் சேர்த்து ஒரு திருத்தின வொப்பே வச்சிருக்காங்க, வழக்கமா கூடக்குறைய 5 சதவீதத்துக்குள்ள இருக்கணும், தாண்டினா ஜ்வாலை உறும ஆரம்பிச்சு உள்ள இருக்கற தகடெல்லாம் ஆடும். கண்ணாடி ஃபேக்டரில உருகின கண்ணாடி அச்சுக்குப் போற வாய்க்கால்ல ஒரு டிகிரி ரெண்டு டிகிரி தப்பினாலே பாட்டில் எடை மாறிடும். ஆளாளுக்கு ஒரு நம்பர்.

நெதர்லாந்து கதையை நினைச்சா ஆச்சரியமா இருக்கும். அங்க க்ரோனிங்கன்ல 1959ல ஒரு பெரிய வயல் கண்டுபிடிச்சாங்க, அந்த கேஸ்ல 14 சதவீதம் நைட்ரஜன், வொப்பே 44 கிட்டதான். நாட்டுல இருக்கற அடுப்பு, ஹீட்டர் எல்லாத்தையும் அந்தக் கேஸுக்கே செட் பண்ணிட்டாங்க. பின்னாடி கேஸ் எடுத்ததாலயே நில அதிர்வு, வீடெல்லாம் விரிசல், 2023 அக்டோபரோட உற்பத்தியை நிறுத்திட்டாங்க. இப்ப வெளியில இருந்து நல்ல கொழுத்த கேஸை வாங்கி, அதுல காத்துல இருந்து பிரிச்செடுத்த நைட்ரஜனைக் கலந்து, பழைய தரத்துக்குக் கீழ இறக்கித்தான் அந்த வீடுகளுக்கு அனுப்பறாங்க. காசு செலவு பண்ணி பால்ல தண்ணி ஊத்தறாங்க. கிண்டலா சொல்லலை, லட்சக்கணக்கான வீட்டுல ஜெட்டை மாத்தறதை விட அது மலிவு.

சரி, எங்க ஷாப்ல என்ன பண்ணோம்? முதல் வேலை, எஸ்என்ஜி மிக்சர் ஆன் ஆகற சிக்னலை ஜெனரேட்டரோட கேஸ் வால்வுக்கு இன்டர்லாக் கொடுத்தோம். அது ஆன் ஆனா ஜெனரேட்டர் நிக்கும், ஃபர்னஸுக்கு நைட்ரஜனும் மெத்தனாலும் போகும். மெத்தனால் சூட்டுல உடைஞ்சா ஒரு பங்கு கார்பன் மோனாக்சைடு, ரெண்டு பங்கு ஹைட்ரஜன், அதோட 40 சதவீதம் நைட்ரஜன் சேர்த்தா அதே 20, 40, 40. புரோப்புக்கு வித்தியாசமே தெரியாது, இந்தத் தடவை நல்ல விதத்துல. மெத்தனால் விலை கடிக்குதுன்னு அக்கவுண்ட்ஸ்ல முணுமுணுக்கறாங்க, வருஷத்துல சில மணி நேரம்தான்யா ஓடுதுன்னு சொல்லியிருக்கேன்.

ரெண்டாவது, கேஸ் கொடுக்கறவங்ககிட்ட குரோமட்டோகிராஃப் ரிப்போர்ட், அதாவது கேஸ்ல எது எத்தனை சதவீதம்ங்கற ரிப்போர்ட் கேட்டு வாங்கறது. இதுக்கு ஆறு வாரம் அலைஞ்சேன். பில்லுல சராசரி கலோரி அளவு மட்டும் இருக்கும், எம்எம்பிடியூ (சூட்டை அளக்கற யூனிட்) கணக்குல காசு கட்டறதால அதுவே போதும்னு அவங்க நினைப்பு. "உங்களுக்குச் சேர வேண்டிய சூடு வந்துருச்சுல்ல சார்"னு கேட்டாங்க. அரிசி எடை சரியா இருக்கு, ஆனா பொன்னியா பச்சரிசியான்னு சொல்ல மாட்டேன்ங்கற மாதிரி. கடைசில அங்க ஒரு நல்ல மனுஷன் சிக்கினாரு, இப்ப தினமும் காலையில எட்டு மணிக்கு மீத்தேன், ஈத்தேன், புரோப்பேன், நைட்ரஜன்னு ஒரு மெயில் வந்துடுது. கேட்டா கிடைக்கும்னு ஒருத்தரும் கேக்காம இருந்திருக்கோம். பைப்லைன் கேஸ்ல ஹீட் ட்ரீட்மென்டோ கண்ணாடியோ எஞ்சினோ ஓட்டறவங்க யாராச்சும் படிச்சீங்கன்னா நாளைக்கே ஒரு மெயில் போடுங்க. வொப்பே மட்டும் கேக்காதீங்க, முழு காம்போசிஷனும் கேளுங்க.

நான் அதை எக்செல்ல போட்டு, ஜெனரேட்டருக்கு எவ்வளவு காத்து வேணும்னு ஒரு வரிசை சேர்த்து, ஷிஃப்ட் ரூம் போர்டுல மார்க்கர்ல எழுதி வைப்பேன். ஆரம்பத்துல ஃபோர்மேன் அண்ணன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கலை, முப்பது வருஷமா கேஸ் ஓட்டறேன் தம்பி, கேஸ்ல என்னடா ஜாதின்னாரு. போன வாரம் ஈத்தேன் நாலுல இருந்து ஏழுக்குத் தாவிடுச்சு, ட்ரிம் வால்வு ஏறக்குறைய முழுசா திறந்து நிக்குது. டீ கிளாஸோட போர்டு முன்னாடி கொஞ்ச நேரம் நின்னவரு என்னைப் பார்த்துக் கேட்டாரு:

"ஏன் தம்பி, இது எந்த ஊர் கப்பலு?"